முழுதாகச் செருகுங்கள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதைச் சிறப்பாகப் பேசக்கூடிய பெரியவர்கள் மேடையில் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னச் சாமான். சிலவற்றைத் தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். ஆனால் கணினியானாலும் தொலைபேசி நிலையமானாலும் ஆஸ்பத்திரி இயந்திரமானாலும் திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும். கழற்றி மாட்டக்கூடிய சர்க்கிட் போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும் இணைப்பி, அதாவது கனெக்டர். அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

"இது வயர்மேன் பேசவேண்டிய பேச்சாயிற்றே, வாத்தியார் ஏன் பேசுகிறார்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. அந்தச் சின்னச் சாமானுக்குள் இருக்கிற அதே நியாயந்தான் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற பிளக்கிலும் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் உங்கள் வீட்டில் ஒரு தீ தடுக்கப்படும். அதோடு, உங்கள் பிள்ளைகளில் ஒருவனுக்கோ ஒருத்திக்கோ நல்ல தொழில் ஒன்றும் கண்ணில் படும். இந்த இரண்டும் நடந்தால் எனக்குப் போதும்.

முதலில் போர்டு என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். டிவி ரிப்பேர்க்காரர் பின்மூடியைத் திறக்கும்போது எட்டிப் பார்த்திருப்பீர்கள். பச்சை நிறத்தில் ஒரு தட்டு இருக்கும். அதன்மேல் சின்னச் சின்னப் பொட்டுகள் மாதிரி உறுப்புகள், கோடு கோடாகச் செம்புத் தடங்கள். அதைத்தான் மின்சுற்றுப் பலகை என்கிறோம். பேச்சு வழக்கில் போர்டு. சில சாமான்களில் ஒரே ஒரு போர்டு திருகாணி போட்டு உட்கார்ந்திருக்கும். பெரிய இயந்திரங்களில் அப்படி இல்லை. அலமாரியில் புத்தகம் அடுக்கியதுபோல் பல போர்டுகள் வரிசையாக நிற்கும். ஒன்று கெட்டுப்போனால் அதை மட்டும் உருவி எடுத்துவிட்டு நல்லதைச் செருகலாம்.

இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1959ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1401 என்ற கணினியை அறிவித்தது. அதனுள்ளே இருந்தவை சின்னச் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றும் இரண்டரை அங்குல அகலம், நாலரை அங்குல நீளம். சீட்டாடும் சீட்டைவிட ஓர் அங்குலம் நீளம், அவ்வளவுதான். ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் தங்க முலாம் பூசிய 16 பட்டைகள். கரண்ட் போவதும் அந்தப் பட்டைகள் வழியேதான், செய்தி போவதும் அந்தப் பட்டைகள் வழியேதான். பழுதுபார்க்க வருபவர் எந்த அட்டை கெட்டது என்று கண்டுபிடித்து, அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகுவார். ஓர் அறையையே அடைத்து நின்ற இயந்திரம் மறுபடியும் ஓடத் தொடங்கும்.

கழற்ற முடிந்தால்தான் பழுதுபார்க்க முடியும். ஆனால் கழற்றக்கூடியதாக வைத்தவுடனே ஒரு சங்கடமும் கூடவே வந்துவிடுகிறது. ஈயம் உருக்கிப் பற்றவைத்த இடத்தில் கரண்டுக்குத் தடை குறைவு. வெறுமனே தொட்டுக்கொண்டு நிற்கிற இடத்தில் அப்படிச் சொல்ல முடியுமா?

கித்தாக்காட்டில் வேலை செய்த பெரியவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. பால் வழிந்து மங்கில் விழுவதற்காக மரத்தில் ஒரு தகரம் அடிப்பீர்கள். பட்டையோடு ஒட்டி அடித்தால் பால் ஒழுங்காகத் தகரத்தில் இறங்கி மங்கில் விழும். லேசாக இடைவெளி விட்டு அடித்தால் பால் மரத்தோடு வழிந்து மண்ணுக்குப் போகும். மரத்தில் பால் குறைவா? இல்லை. மங்கு ஓட்டையா? அதுவும் இல்லை. சேருகிற இடம் சரியில்லை, அதுதான் சங்கதி.

மின்சாரத்திலும் இதே கதைதான். ஆனால் ஒரு வித்தியாசம். பால் வீணானால் நஷ்டத்தோடு போய்விடும். கரண்ட் சேருகிற இடத்தில் தடைபட்டால் அங்கே சூடு உண்டாகும்.

ஏன் தடைபடுகிறது? கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிகிற உலோகத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு உலோகங்களைச் சேர்த்து வைத்தால் மேடும் மேடும் மட்டுமே முட்டிக்கொள்ளும். நாம் பார்க்கிற பரப்பு பெரிது. உண்மையில் தொடுகிற இடம் சில புள்ளிகள்தாம். சுவீடனில் பிறந்த ராக்னார் ஹோம் என்ற அறிஞர் இந்தத் தொடுபுள்ளிகளை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். இன்றைக்கும் இணைப்பி செய்கிற பொறியாளர்கள் அவர் வழியில்தான் கணக்குப் போடுகிறார்கள். அத்தனை கரண்டும் அந்தச் சில புள்ளிகள் வழியே நெருக்கியடித்துக்கொண்டு போகவேண்டும். பெருநாள் சமயத்தில் பஸ் கதவில் ஏறுகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நல்ல இணைப்பிக்கு இரண்டு காரியம் வேண்டும். ஒன்று அழுத்தம், இன்னொன்று சுத்தம்.

அழுத்தத்துக்காக உள்ளே வில்போல் வளைந்த தகடு வைக்கிறார்கள். சாதாரணச் செம்பு வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். எனவே செம்போடு வெள்ளீயமும் பாஸ்பரசும் சேர்த்த உலோகக் கலவையில் அந்தத் தகட்டைச் செய்கிறார்கள். போர்டை உள்ளே தள்ளும்போது அது விலகி, பிறகு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

சுத்தத்துக்காகத்தான் தங்கம். செம்பு கறுக்கும், இரும்பு துருப்பிடிக்கும், தங்கம் அப்படியே இருக்கும். போர்டின் ஓரத்தில் வரிசையாக மின்னுகிற பட்டைகளைத் தொழிலாளர்கள் தங்க விரல்கள் என்று சொல்வார்கள். உடனே நகைக்கடைத் தங்கம் என்று ஆசைப்பட்டுவிடாதீர்கள். செம்பின்மேல் நிக்கல், நிக்கலின்மேல் தங்கம். அந்தத் தங்கத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. நம் தலைமுடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. அதனால்தான் அதைக் கண்டபடி தேய்க்கக் கூடாது. அழிப்பதற்கு வைத்திருக்கும் இரப்பரைக் கொண்டு தேய்த்தால் பளபளவென்று ஆகும், உண்மைதான். ஆனால் தேயத் தேயத் தங்கமும் போகும், துகளும் இடுக்கில் சேரும். வெறும் விரலாலும் தொடக்கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் விரலில் எப்போதும் வேர்வை இருக்கும். வேர்வையில் உப்பு இருக்கும்.

என் வயதுக்காரர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். டிவி கேம் பெட்டி. கேட்ரிஜைச் செருகுவோம், படம் வராது. உடனே எடுத்து அதன் வாயில் "பூ" என்று ஊதுவோம். மறுபடி செருகினால் படம் வந்துவிடும். ஊதினதால் வந்தது என்று நம்பினோம். உண்மையில் கழற்றி மறுபடி செருகியதில் தொடுபுள்ளிகள் ஒன்றோடொன்று உரசி வேறிடத்தில் பொருந்தியதால்தான் வந்தது. ஊதும்போது எச்சில் ஈரமும் கூடப் போய் உட்கார்ந்து பட்டையை அரித்துவிடும். ஊதவேண்டாம் என்று அதைச் செய்த நிண்டெண்டோ நிறுவனமே சொல்லியிருக்கிறது. நாம் யார் பேச்சைக் கேட்டோம்!

அந்தக் கேட்ரிஜும் கழற்றி மாட்டும் போர்டுதான். அதற்கும் ஓரத்துப் பட்டைகள் வழியேதான் கரண்ட் போகிறது. உங்கள் பிள்ளைகள் பயன்படுத்துகிற கணினியின் நினைவக அட்டையும் அப்படியே. சில சமயம் கணினி திரையே காட்டாமல் "பீப், பீப்" என்று கத்தும். செத்துப்போயிற்று என்று ஓரங்கட்டி வைப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்த அட்டையைக் கழற்றி, இரு பக்கமும் "டக்" என்று பூட்டு விழுகிறவரை நேராக அழுத்திச் செருகினால் உயிர் வந்துவிடும். எல்லாச் சமயமும் வராது. ஆனால் தூக்கிப் போடுவதற்கு முன் செய்து பார்க்கவேண்டிய முதல் வேலை அதுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாணவர்களே, கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சேர்வதற்கும் ஒரு முறை உண்டு. எது முதலில் சேரவேண்டும், எது பிறகு சேரவேண்டும், பிரியும்போது எது கடைசியில் பிரியவேண்டும் என்ற வரிசை உண்டு.

உங்கள் வீட்டு மூன்று கால் பிளக்கை எடுத்துப் பாருங்கள். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகு, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். மேலே இருக்கிற ஒற்றைக் கால் மற்ற இரண்டையும்விட நீளமாக இருக்கும். அதுதான் எர்த், தரையிணைப்பு. இந்த மூன்று கால் ஏற்பாடு 1947இல் பிரிட்டனில் தர விதியாக வெளிவந்தது. நம் நாட்டிலும் அதே முறைதான். அந்தக் கால் நீளமாக இருப்பதற்கு இரண்டு காரணம். செருகும்போது அதுவே முதலில் சேரும், பிடுங்கும்போது அதுவே கடைசியில் பிரியும். சாமானில் ஏதாவது கசிவு இருந்தால் கரண்ட் ஆளைத் தாக்காமல் தரைக்குப் போக வழி முதலிலேயே திறந்திருக்கும். இன்னொரு காரணம், சாக்கெட்டின் கீழே இருக்கிற இரண்டு துளைகளையும் உள்ளே ஒரு மூடி மறைத்திருக்கிறது. நீளமான கால் உள்ளே போய்த் தள்ளினால்தான் அந்த மூடி விலகும். குழந்தைகள் கம்பியை விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் செய்த காவல் அது.

அந்தக் காவலை நாம் என்ன செய்கிறோம்? இரண்டு கால் பிளக் வந்தால், மேல் துளையில் ஒரு குச்சியையோ பேனா மூடியையோ குத்தி, மூடியை விலக்கி, பிளக்கை அமுக்கிவிடுகிறோம். நம் வீடுகளில் இது நடக்கவில்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்! அந்தப் பிளக்கின் கால் அந்தத் துளைக்குச் செய்ததல்ல. இறுக்கமாக உட்காராது. அழுத்தம் இல்லையென்றால் என்ன ஆகும் என்று இப்போதுதானே சொன்னேன்? சூடு. இன்னொன்று, அம்மா குச்சியால் குத்துவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற குழந்தை நாளைக்கு வேறு எதையாவது எடுத்துக் குத்தும்.

சரி, போர்டுக்கு வருவோம். நீளக்கால் நியாயம் அங்கேயும் உண்டு. பென் டிரைவ் எல்லாருக்கும் தெரியும். 1996இல் வந்த யு.எஸ்.பி. என்ற இணைப்பு முறையைச் சேர்ந்தது அது. பழைய சதுர வாய் உள்ள பென் டிரைவின் உள்ளே எட்டிப் பாருங்கள். நான்கு பட்டைகள் தெரியும். ஓரத்தில் இருக்கிற இரண்டும் நடுவில் இருக்கிற இரண்டைவிடக் கொஞ்சம் நீளம். வித்தியாசம் சுமார் 1 மில்லிமீட்டர். ஓரத்தில் இருப்பவை கரண்டும் தரையும். நடுவில் இருப்பவை செய்திக்கு. கரண்டும் தரையும் முதலில் சேர்ந்து நிலைபெற வேண்டும், பிறகே பேச்சு. இந்த ஒரு மில்லிமீட்டர் இருப்பதால்தான் கணினி ஓடும்போதே நாம் அதைச் செருக முடிகிறது.

இந்த ஞானம் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் வந்துவிடவில்லை. 1975ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி வந்தது. சாதாரண மனிதர் வீட்டில் வைத்துப் பூட்டிக்கொள்ளக்கூடிய கணினி என்று அதற்குப் பெரும் வரவேற்பு. அதில் போர்டுகளைச் செருகுவதற்கு 100 தொடுமுனைகள் கொண்ட இணைப்பி. அதில் முதல் முனையில் 8 வோல்ட், அதற்கு அடுத்த முனையிலேயே சுமார் 16 வோல்ட். பக்கத்துப் பக்கத்தில்! கரண்ட் இருக்கும்போது போர்டைக் கோணலாக உருவினால் ஒன்று மற்றொன்றில் பட்டு, போர்டில் இருக்கிற உறுப்புகள் போய்விடும் ஆபத்து இருந்தது. எனவே அந்தக் கணினியில் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டுத்தான் போர்டில் கைவைக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் அப்படி அடைக்க முடியுமா? தொலைபேசி நிலையத்தை அடைத்தால் ஊரே ஊமையாகிவிடும். அங்கே பெரிய பெரிய பாட்டரிகளிலிருந்து 48 வோல்ட் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கரண்டோடுதான் போர்டை மாற்றியாகவேண்டும். அதற்காகவே ஊசிகளை மூன்று உயரத்தில் செய்தார்கள். மிக நீளமானது தரை. அடுத்தது கரண்ட். குட்டையானது செய்தி. எல்லாவற்றிலும் குட்டையாக ஒன்றை வைத்து, அது தொட்டால்தான் போர்டு முழுதாக உள்ளே வந்துவிட்டது என்று இயந்திரம் அறிந்துகொள்ளும்படி செய்தார்கள்.

இன்னொரு தொல்லையும் உண்டு. லயத்தில் ஒரே வரிசைக் குழாய். ஒருவர் காலியான பெரிய டிரம்மை வைத்துக் குழாயை முழுதாகத் திறந்துவிட்டால், அடுத்த வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாகிவிடும், இல்லையா? போர்டிலும் மின்தேக்கிகள் இருக்கின்றன. பெயரிலேயே இருக்கிறது, மின்சாரத்தைத் தேக்குபவை. காலியான மின்தேக்கிகளோடு ஒரு போர்டைச் செருகினால் அவை ஒரே மூச்சில் கரண்டை இழுக்கும். பொறி பறக்கும். பக்கத்துப் போர்டுகளுக்கு வோல்ட் இறங்கி, அவை தடுமாறும். இதற்கும் வழி கண்டார்கள். ஒரு நீள ஊசியின் வழியே, நடுவில் ஒரு தடை வைத்து, மெதுவாக நிரப்புவது. நிரம்பிய பிறகு மற்ற ஊசிகள் சேரும். கணினியின் ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் சாட்டா இணைப்பியில் 15 பட்டைகள் உண்டு. ஓடும்போதே உருவி மாற்றுகிற இயந்திரங்களில் முதலில் தரை, அடுத்து மெதுவாக நிரப்பும் முனை, கடைசியில் மற்றவை என்ற வரிசையில்தான் அவை சேர்கின்றன.

இவ்வளவு அறிவு சேர்ந்த பிறகும் ஒரு சம்பவம் நடந்தது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் நிவிடியா என்ற நிறுவனம் கணினியில் படம் வரைவதற்கான பெரிய போர்டு ஒன்றை விற்பனைக்கு விட்டது. சாதாரணமாக இத்தகைய போர்டுக்கு அது செருகப்படும் இடத்திலிருந்தே 75 வாட் வரை கிடைக்கும். இதற்கு அது போதாது. ஆகவே 600 வாட் வரை கொடுக்கக்கூடிய ஒரு புதிய இணைப்பியை வைத்தார்கள். வோல்ட் எவ்வளவு? வெறும் 12. 600ஐ 12ஆல் வகுத்தால் 50 ஆம்பியர். கரண்டுக்கு ஆறு ஊசிகள். ஓர் ஊசிக்கு எட்டு ஆம்பியருக்குமேல். வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் 2000 வாட் கெட்டில் ஏறத்தாழ அவ்வளவுதான் இழுக்கும். ஒரு கெட்டில் இழுக்கிற கரண்ட், குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிய ஒவ்வோர் ஊசியிலும்!

விற்பனைக்கு வந்த சில வாரங்களிலேயே சிலருடைய இணைப்பி உருகிப்போனது. ஆராய்ந்த நிறுவனம் அந்த ஆண்டு நவம்பரில், தங்களுக்குத் தெரிந்தவை உலக முழுவதும் சுமார் 50 சம்பவங்கள் என்றும், அவற்றில் பொதுவாகக் காணப்பட்டது இணைப்பி முழுதாகச் செருகப்படாமல் இருந்ததே என்றும் அறிவித்தது.

இதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதைத் தடையால் பெருக்கினால் சூடாகிற வாட் கிடைக்கும். நன்றாகச் சேர்ந்த இடத்தில் தடை 5 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். 8 பெருக்கல் 8 பெருக்கல் 0.005. விடை 0.32 வாட். பரவாயில்லை, தாங்கும். சரியாகச் சேராமல் தடை பத்து மடங்கானால் 3.2 வாட். கடுகளவு இடத்தில் மூன்று வாட் விடாமல் எரிந்துகொண்டிருந்தால் பிளாஸ்டிக் என்ன ஆகும்? அதோடு, ஓர் ஊசி சரியாகத் தொடாவிட்டால் அதன் பங்கையும் மற்ற ஊசிகள் சுமக்கவேண்டும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. 12 வோல்ட் ஆளை அடிக்காது என்று அலட்சியமாக இருக்கலாமா? ஆளை அடிக்காத கரண்ட் வீட்டை எரிக்கும்.

இதற்குப் பிறகு செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். "செருகத் தெரியாதவன் செய்த வேலை" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 2023இல் இணைப்பியைத் திருத்தினார்கள். கரண்ட் ஊசிகளைச் சற்று நீளமாக்கினார்கள். உணர்வதற்காக இருக்கும் சின்ன ஊசிகளைக் குட்டையாக்கினார்கள். கரண்ட் ஊசிகள் நன்றாக உள்ளே போன பிறகுதான் குட்டை ஊசி தொடும். அது தொடாதவரை போர்டு பெரும் கரண்டைக் கேட்கவே கேட்காது. தொலைபேசி நிலையத்துப் பழைய நியாயந்தான். அப்படியும் 2025இல் மறுபடி சில இணைப்பிகள் உருகிய செய்தி வந்தது. ஆகவே வேலை முடிந்துவிடவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற நீங்கள் வளர்ந்து செய்யவும் மிச்சம் இருக்கிறது.

பெற்றோர்களே, இதையெல்லாம் கேட்டுவிட்டு வீட்டில் என்ன செய்யலாம்? பிளக்கை முழுதாகச் செருகுங்கள். பாதி வெளியே தெரியும்படி விடாதீர்கள். சிறிது நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அடைத்து, பிடுங்கி, பிளக்கின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடா? கால் கறுத்திருக்கிறதா? பிளாஸ்டிக் கருகிய வாடை வருகிறதா? அந்தப் பிளக்கையும் சாக்கெட்டையும் மாற்றவேண்டும். டேப் சுற்றினால் போதாது. ஒரே சாக்கெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிளக் அடுக்கி, அதில் கெட்டிலும் ரைஸ் குக்கரும் போடாதீர்கள். பசார் மாலாமில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காமல், சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி வேலைக்கு முறையான சான்று பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கண்டிப்பான சொல். டிவி, மைக்ரோவேவ் அடுப்பு இவற்றின் மூடியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் தேங்கிய கரண்ட் இருக்கும். பாட்டரி விளையாட்டுச் சாமான், பழைய விசைப்பலகை, கெட்டுப்போன மௌஸ் இவற்றை ஆசிரியரிடம் கொண்டுவாருங்கள். சேர்ந்து கழற்றுவோம். கழற்றிய வரிசையை எழுதிவைத்து, அதே வரிசையில் திருப்பி மாட்டுவோம்.

பெற்றோர் சந்திப்பில் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது ஒன்று. "சார், இவன் எதைக் கண்டாலும் கழட்டிப் போட்டுர்றான். படிப்புல மனசே இல்ல. கொஞ்சம் கண்டிச்சு வைங்க." அம்மா, கரண்டோடு விளையாடினால் கண்டிப்பேன், சந்தேகமில்லை. ஆனால் கழற்றிப் பார்க்கிற ஆசையும் படிப்புத்தான். அவனுக்கு அறிவியல் பாடத்தில் தொடர் மின்சுற்று, இணை மின்சுற்று என்று நாங்கள் சொல்லித் தருவதும் அதைத்தான்.

நம்மவர்களுக்கு இந்தத் தொழில் புதிதும் அல்ல. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. அதே ஆண்டு இண்டெல் நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கே திறந்தது. அதன் பிறகு தோட்டத்து லயங்களிலிருந்தும் பெண்கள் ஃபேக்டரி பஸ் ஏறினார்கள். மைக்ரோஸ்கோப்பில் கண்வைத்து, முடியைவிட மெல்லிய கம்பியைச் சேர்க்கிற வேலையைச் செய்தார்கள். அந்த அக்காமார்களின் கைகளை "படிக்காத கை" என்று யார் சொல்ல முடியும்? சேருகிற இடம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கண் அவர்களுக்கு இருந்தது. ஆனால் பெரும்பாலோருக்கு அந்த வேலைக்கான சான்றிதழும் சம்பள உயர்வும் மட்டும் எட்டவில்லை. இன்று நிலைமை வேறு. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைக்கும், அதில் பெரிய புள்ளி வாங்காத பிள்ளைக்கும் தொழிற்கல்லூரியும் பயிற்சி நிலையமும் இருக்கின்றன. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலை, அதற்குமேல் டிப்ளோமா, உயர் டிப்ளோமா என்று ஐந்து படி ஏறலாம். அப்பா அம்மா "அது கைவேலைதானே" என்று முகம் சுளித்தால் மட்டுமே அந்தக் கதவு அடைபடும்.

இன்று மேடையேறிப் பரிசு வாங்குகிறவர்களை மனமார வாழ்த்துகிறேன். வாங்காதவர்கள் எண்ணிக்கை எப்போதும் அதிகம். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பள்ளியில் வாசிப்பு தடுமாறுகிற சில பிள்ளைகளை நான் பார்க்கிறேன். அவர்களுக்கு மூளை குறைவில்லை. பாடத்துக்கும் அவர்களுக்கும் நடுவே எங்கோ தொடர்பு பாதியில் நிற்கிறது. ஆண்டு இறுதியில் புள்ளியைப் பார்த்துப் "படிப்பு ஏறாது" என்று ஒதுக்குவதற்கு முன், அது எங்கே என்று வீட்டில் நீங்களும் வகுப்பில் நாங்களும் தேடிப் பார்க்கவேண்டும். கண் தெரியவில்லையா, காலையில் பசியாறாமல் வருகிறானா, எழுத்துக்கூட்டியதே உறுதிப்படவில்லையா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். என்னிடம் வந்து சொல்லுங்கள். சாயங்காலம் 4 மணிவரை பள்ளியில்தான் இருப்பேன்.

விழா முடிந்து வீட்டுக்குப் போனதும், மாணவர்களே, அப்பாவையோ அம்மாவையோ கூட வைத்துக்கொண்டு வீட்டிலுள்ள பிளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தளர்ந்தது எத்தனை, கறுத்தது எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். திங்கட்கிழமை அந்தத் தாளை என்னிடம் கொடுங்கள். மாற்றவேண்டியவற்றை உங்கள் பெற்றோரோடு சேர்ந்து பேசி முடிவுசெய்வோம்.